யாரோ என்று சொன்னேன்

ஜெர்மன் சண்டை முடிந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். ஒரு மாசி மாதக் காலையில் ரங்கூன் கப்பலிலிருந்து பட்டணத்துத் துறைமுகத்தில் இறங்கினேன். என் டிரங்குப் பெட்டி, படுக்கை, இரண்டு வயது மகன் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. என்னை நம்பி வந்த ஒருத்தியை மட்டும் துறைமுக வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். பதினோரு வருஷமாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

என் பிறந்த வீடு ராயபுரத்தில், ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்து. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தேன். பதினேழு வயதில் கல்யாணம். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் நாயக், சிப்பாய்களுக்கு மேல். அந்தப் பட்டாளத்தில் துப்பாக்கி பிடிப்பதைவிடக் கடப்பாரை பிடிப்பதுதான் அதிகம். மலையை உடைத்து ரோடு போடுவார்கள், ஆற்றுக்குப் பாலம் கட்டுவார்கள். கல்யாணமான மறுவருஷமே அவர்களை பர்மாவில் மாண்டலேக்கு மாற்றினார்கள். குடும்பத்தோடு இருப்பதற்குப் பட்டாளத்து வரிசை வீடுகளில், லயனில், ஒரு வீடு கிடைத்தது. நானும் கடல் தாண்டிப் போனேன்.

அங்கே மரக்கால்களின் மேல் நிற்கிற பலகை வீடுகள். அடியில் கோழி மேயும். சில நாள் பாம்பும் படுத்திருக்கும். விடிந்ததும் பியூகிள் ஊதினால் ஆண்கள் ஓடுவார்கள். அதற்கப்புறம் லயன் முழுக்க எங்கள் ராஜ்யம்தான். சித்திரை மாதம் பர்மாக்காரர்களுக்குத் தண்ணீர்த் திருவிழா. தெருவில் யார் போனாலும் வாளியில் மொண்டு தலையில் ஊற்றுவார்கள், கோபித்துக்கொள்ளக் கூடாது. முதல் வருஷம் அது தெரியாமல் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், தொப்பலாக நனைந்து, அழுதுகொண்டே திரும்பினேன். ஊற்றியவள் பின்னாலேயே ஓடி வந்து தன் துண்டால் என் தலையைத் துவட்டப் பார்த்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன்.

அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

லயன் வாசலில் கீரையும் பூவும் விற்றுக்கொண்டிருந்தவள். என் வீட்டுக்காரருக்கு உயிர்த் தோழர் ஒருவர் இருந்தார். திருவொற்றியூர்க் குப்பத்துக்காரர், அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு பட்டாளத்தில் சேர்ந்தவர். அவர் இவளைக் கல்யாணம் செய்துகொண்டார். பர்மா வழக்கப்படி நடந்த கல்யாணம். பட்டாளத்து ரிஜிஸ்டரில் அது ஏறவில்லை. அதனால் லயனுக்குள் இடம் இல்லாமல், வெளியே ஒரு மூங்கில் குடிசையில் குடித்தனம் நடத்தினார்கள். கன்னத்தில் சந்தனம் மாதிரி ஏதோ ஒரு மரப்பட்டையை அரைத்துப் பூசியிருப்பாள். விரலிடுக்கில் எப்போதும் ஒரு சுருட்டு புகையும். லயன் பெண்கள் யாரும் அவளை வீட்டுக்குள் அழைத்ததில்லை. நானும்தான். நாங்களும் எங்கள் ஊரில் "எட்டி நில்லு" என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள். கடலைத் தாண்டியதும் அது மறந்துபோயிற்று.

என் மகனுக்கு மூன்று மாதம் இருக்கும்போது எனக்கு விஷக்காய்ச்சல் கண்டது. என் வீட்டுக்காரர் மலையில் ரோடு வேலைக்குப் போயிருந்தார். காய்ச்சல் தொற்றிக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதில் அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது, எல்லோர் வீட்டிலும் குழந்தைகள். எனக்குப் பால் வற்றிவிட்டது. டின் பாலைக் கரைத்துக் கொடுத்தால் குழந்தை கக்கிவிடும். இரண்டு நாளில் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான்.

மூன்றாம் நாள் அவள் தன் பெண் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு படியேறி வந்தாள். நான் கூப்பிடவில்லை. வந்தவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. என் மகனை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு பால் கொடுத்தாள். அவன் குடித்த சத்தம் எனக்குக் கட்டிலில் கேட்டது. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. "ஐயோ, இவள் பாலையா" என்று ஒரு கூச்சம் வந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரண்டு மாதம் அவள்தான் அவனுக்குத் தாய். நான் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகும் அவன் அவளைப் பார்த்தால் தாவுவான். பேச்சு வந்ததும் அவளை "அமே" என்று கூப்பிட்டான். அவர்கள் பாஷையில் அம்மா என்று அர்த்தம். அவள் புருஷனிடம் கற்றுக்கொண்ட நம் குப்பத்துத் தமிழிலேயே என்னோடு பேசுவாள். அதற்கப்புறம் அவளும் நானும் ஒரே முறத்தில் அரிசி புடைத்தோம், ஒரே அடுப்பில் மீன் சுட்டோம்.

பிறகு ஒரு நாள், பாறைக்கு வெடி வைத்த இடத்தில் அவள் புருஷன் போய்விட்டார். பட்டாளத்திலிருந்து திருவொற்றியூரில் இருந்த தாயாருக்குக் காகிதம் போயிற்று. ரிஜிஸ்டரில் இல்லாத இவளுக்கு ஒன்றும் வரவில்லை. அவளுக்குப் பெற்றவர்களும் கிடையாது. அந்தச் சமயத்தில்தான் என் தங்கைக்கு வரன் அமைந்துவிட்டது, உடனே புறப்பட்டு வா என்று என் அண்ணன் எழுதினார்.

என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. அவளையும் அவள் பெண்ணையும் திருவொற்றியூருக்குக் கொண்டு விடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். மாண்டலே ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட வந்தவர், திருவொற்றியூர் விலாசத்தைத் தமிழில் எழுதி என் கையில் கொடுத்தார்.

"இவளுக்கு நம்ம எழுத்து தெரியாது. நீயே வச்சுக்க. நேரா இட்டுகினு போயி, அவங்க அம்மா கையில புடிச்சுக் குடுத்துட்டு, அப்புறம் உங்க வூட்டுக்குப் போ. என் தோஸ்துக்கு நான் செய்யறது இது ஒண்ணுதான்" என்றார். அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். "நான் ஆச்சு" என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

கப்பலில் ஏறிய முதல் நாளே எனக்குத் தலைசுற்றலும் வாந்தியும். நாலு நாளும் தளத்தில் விரித்த பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. இரண்டு குழந்தைகளையும் பார்த்துக்கொண்டு, எனக்கும் எலுமிச்சம்பழத்தைக் கீறி மூக்கில் வைத்துக்கொண்டு வந்தது அவள்தான். ராத்திரி பகல் தெரியாமல் கிடந்த என்னிடம், "ஊரு வருது, ஊரு வருது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

துறைமுகத்தில் டாக்டர் பார்த்து அனுப்பிய பிறகு வெளியே வந்தோம். முன்னால் கூலியாள் என் பெட்டியோடு போனான். அடுத்தது நான். எனக்குப் பின்னால் அவள், முதுகில் தன் பெண், இடுப்பில் என் மகன், தலையில் ஒரு துணி மூட்டை. வாசலில் என் அண்ணன் கையை ஆட்டினார். அவர் பக்கத்தில் ஜரிகைக் கரைப் புடவையில் ஓர் அம்மாள். தங்கைக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் தாயார். மாப்பிள்ளைக்குத் துறைமுக ஆபீசில்தான் வேலை. அதனால் கப்பல் பார்க்க வந்திருக்கிறார் என்று அண்ணன் சொன்னார். என்னையும் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

அந்த அம்மாளின் கண் என்மேல் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. எனக்குப் பின்னால் போயிற்று. கன்னத்துப் பூச்சு, கொண்டைப் பூ, விரலிடுக்குச் சுருட்டு, முதுகில் குழந்தை எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா இது? பர்மாக்காரி ஒண்ணு உன் கூடவே வந்துகினு கீது? இடுப்புல உம் புள்ளையா? முதுவுல கீறது யாரு புள்ள?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "பர்மாவுக்குப் போற ஆம்பளைங்க கதைதான் ஊருக்கே தெரியுமே. உங்க வூட்டுக்காரும் அங்க இன்னொண்ணு வச்சிகினு கீறாரா?" என்றார்.

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உண்மையைச் சொல்ல நாலு வார்த்தை போதும். இவள் புருஷன் செத்துப்போனார், மாமியாரிடம் கொண்டு விடப் போகிறேன், என் பிள்ளையைப் பிழைக்க வைத்தவள். அவ்வளவுதான். ஆனால் அந்த அம்மாள் நம்புவாரா, தங்கை கல்யாணம் நின்றுவிடுமா, என் வீட்டுக்காரரைப் பற்றி ராயபுரம் முழுக்கப் பேசுவார்களா என்று ஆயிரம் யோசனை ஒரே நொடியில் வந்தது. என் வாயிலிருந்து வந்தது வேறு.

"சேச்சே! யாரோ. கப்பல்ல பக்கத்துப் பாயில இருந்தாங்க. எனக்கு மயக்கமா இருந்துச்சுன்னு புள்ளைய செத்த நேரம் வச்சிகினாங்க" என்றேன். கையை நீட்டி என் மகனை வாங்கப் போனேன்.

அவன் வரவில்லை. "அமே! அமே!" என்று கத்திக்கொண்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"புள்ள அம்மான்ற மாரி கீதே?" என்றார் அந்த அம்மாள்.

"அந்த ஊர்ல புள்ளைங்க எல்லாப் பொம்பளையையும் அப்படித்தான் கூப்புடுங்க" என்றேன். பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டால் அடுத்தது தானாக வந்துவிடுகிறது.

அவளுக்குத் தமிழ் புரியும் என்பது எனக்குத் தெரியும். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குப் புரிந்தது. என் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாளே, அந்த மாதிரி பார்த்தாள். பிறகு அந்த அம்மாளிடம், "ஆமா. கப்பல்ல பாத்தது. எனக்கு யாரும் தெரியாது" என்று சொன்னாள். தன் ரவிக்கையைப் பிடித்துக்கொண்டிருந்த என் மகனின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, அவனை என்னிடம் கொடுத்தாள்.

ஜட்கா வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். மகன் கேவிக் கேவி அழுதான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து சுருக்குப் பையைத் திறந்தபோதுதான் விலாசம் எழுதிய சீட்டு என்னிடமே இருப்பது தெரிந்தது. அப்போதுகூட நேரம் இருந்தது. துறைமுகத்துக்கு ஓடியிருக்கலாம். என் அண்ணன் நல்லவர், அவரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். நான் சீட்டை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். "அவள் கெட்டிக்காரி, எப்படியாவது போய்விடுவாள்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் நிச்சயதார்த்தம். வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு நீட்டிக்கொண்டும், பர்மாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் யானை கதை, கோபுரம் கதை சொல்லிக்கொண்டும் இருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். மகன் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு தெருவில் போகிற பெண்களின் முகத்தையெல்லாம் பார்த்தான்.

மூன்றாம் நாள் தாங்க முடியவில்லை. திருவொற்றியூர்க் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். மகனை அழைத்துப் போகவில்லை. அவன் அவளைப் பார்த்தால் வீட்டுக்கு வந்து "அமே" என்பானே என்ற பயம் அப்போதும் போகவில்லை.

குப்பத்தில் வலை காய்ந்துகொண்டிருந்தது. சீட்டில் இருந்த பெயரைச் சொல்லிக் கேட்டதும் ஒரு மீன்காரப் பெண் வீட்டைக் காட்டினாள். "அவள் இங்கே வரவேயில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்" என்று நினைத்துக்கொண்டே போனேன்.

ஓலைக் குடிசைக்கு முன்னால் ஆஜானுபாகுவாக ஒரு கிழவி குந்தியிருந்தாள். பக்கத்தில் அவள். கிழவியின் வாயில் இருந்த சுருட்டு நெருப்பில் தன் சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். மணலில் அவள் பெண் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் யார் என்று அவள்தான் கிழவிக்குச் சொன்னாள். கிழவி எழுந்து ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வாம்மா, வா! நீதான் பட்டாளத்து வூட்டம்மாவா? எல்லாத்தையும் மருமவ சொல்லிச்சு. கப்பல்ல சோறு குடுத்து, கொயந்தைய பாத்துகினு, குப்பத்து வாசல் வரிக்கும் இட்டாந்து வுட்டுட்டுப் போனியாமே? தங்கச்சி வூட்டு விசேசம்னு அவசரமா பூட்டியாம். உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போவக் கூடாது? எம் மவன் சண்டை போட்டுகினு போனவன். ஒரு கடுதாசி இல்ல. அவனுக்கு இன்னா தோஸ்து கீதோ, எப்பிடி கீதோன்னு கெடந்தேன். உன்னை மாரி ஜனங்கதான் அவனோட இருந்தீங்களா? அது போதும், தாயி" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்தக் கிழவியின் காலில் விழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "ஆமாம்மா" என்ற ஒரே வார்த்தை.

கிழவி எனக்குக் கொடுக்க எதையோ எடுக்க உள்ளே போனாள். அப்போதுதான் என் எதிரில் இருந்தவளின் காலைப் பார்த்தேன். இரண்டு பாதத்திலும் துணி சுற்றியிருந்தது. நான் சீட்டை எடுத்து நீட்டினேன்.

"இப்ப எதுக்கு?" என்றாள்.

"எப்படி வந்தே?" என்றேன்.

கடல் பக்கம் கையைக் காட்டினாள். "அவரு சொல்லும், கப்பல் எறங்கினா கடலு சோத்தாங்கைப் பக்கம் வச்சிகினு நடந்தா அம்மா வூடுன்னு. நடந்தது. ஒரு குப்பத்துல கஞ்சி குடுத்தாங்க. அங்க படுத்தது. காலைல மறுபடியும் நடந்தது." பாதத்தில் அவிழ்ந்த துணியை இறுக்கிக்கொண்டே, "மொதல்ல வாசல்லயே நின்னுது. அந்த அம்மாவை அனுப்பிட்டு நீ வரும்னு நெனச்சுது. வெயிலு சாஞ்சிச்சு. அப்புறம்தான் நடந்தது" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஏன் உங்க மாமியார் கிட்ட அப்படிச் சொன்னே? என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமே" என்றேன்.

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். தட்டிவிடவில்லை, மெதுவாகத்தான் விடுவித்துக்கொண்டாள்.

"உனக்காவ சொல்லல. அதுக்கு மவன் போச்சு. மவனோட தோஸ்து எல்லாம் நல்ல ஜனம்னு கெழவி நெனச்சிகினு இருக்கட்டும்" என்றாள். பிறகு, "பையன் எங்க?" என்று கேட்டாள்.

"வூட்ல விட்டுட்டு வந்தேன்."

தலையை ஆட்டினாள். அவன் உன்னைத் தேடுகிறான் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. கிழவி ஓலைப் பையில் கருவாடு கட்டிக்கொண்டு வந்தாள். இருப்பதிலேயே நல்லதாகப் பொறுக்கியிருந்தாள். வாங்கிக்கொண்டேன். வீட்டில் அதைக் குழம்பு வைத்தார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு நான் சாப்பிடவில்லை.

தங்கை கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இரண்டு வருஷம் கழித்து ஒரு விஷயம் தெரிய வந்தது. அந்த ஜரிகைப் புடவை அம்மாளின் சொந்தத் தம்பிக்கே பர்மாவில் மோல்மீன் ஊரில் ஒரு பர்மியக் குடும்பம் இருந்ததாம். அந்த அம்மாளே தங்கையிடம் சொல்லி வருத்தப்பட்டாராம், அந்தப் பிள்ளைகளை ஒரு தடவையாவது பார்க்க முடியவில்லையே என்று. அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

நான் மகனோடு மாண்டலேக்குத் திரும்பினேன். ஒரு மாதத்திலேயே அவன் "அமே" என்பதை மறந்துவிட்டான். ஸ்டேஷனுக்கு வந்த என் வீட்டுக்காரர் முதலில் கேட்டது, "ஒப்படைச்சியா?" என்பதுதான். "ஒப்படைச்சேன்" என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். லயனில் எல்லோரிடமும் சொல்லி மாய்ந்துபோனார்.

அவர் பென்ஷன் வாங்கிக்கொண்டு ராயபுரத்துக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. மாதத்துக்கு ஒரு தடவையாவது திருவொற்றியூருக்குப் போய்விடுவார். கிழவி தளர்ந்துவிட்டாள், அவளைத் தூக்கி உட்கார வைத்துச் சோறு ஊட்டுவது மருமகள்தான். இப்போது அவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக மீன் விற்கிறாள். குரலை மட்டும் கேட்டால் குப்பத்திலேயே பிறந்தவள் என்பார்கள், அப்படி ஒரு தமிழ். அவர் என்னையும் அங்கே கூப்பிடும்போதெல்லாம் எனக்குத் தலைவலி வந்துவிடும். இந்தப் பதினோரு வருஷத்தில் நான் மறுபடி அந்தக் குப்பத்துக்குப் போகவில்லை. அவளும் எங்கள் வீட்டு வாசலில் கூடையை இறக்கியதில்லை. என் தெருவுக்கு முந்தின தெருவோடு திரும்பிப் போய்விடுவாள்.

போன வாரம் என் மகனுடைய பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுக்கு வந்திருந்தார். பேச்சுவாக்கில் என் வீட்டுக்காரர் அந்தக் கதையை எடுத்தார். சின்னக் குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணை நான் எப்படிக் கடல் தாண்டி அழைத்து வந்து மாமியார் கையில் பிடித்துக் கொடுத்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். வாத்தியார் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பதின்மூன்று வயது மகன், அம்மாவைப் பற்றிய பெருமையோடு என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அவன் உடம்பில் ஓடுகிற ரத்தத்தில் பாதி யார் கொடுத்தது என்று அவனுக்கே தெரியாது.

இது அச்சில் வந்தால் முதலில் என் வீட்டுக்காரருக்கும் மகனுக்கும்தான் படித்துக் காட்டப் போகிறேன். அதற்கப்புறம் அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. அன்று துறைமுகத்தில் வேண்டியிருந்தது நாலு வார்த்தை உண்மை. அதைச் சொல்ல எனக்குப் பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது. யாரும் என்னைத் திட்டவில்லை, தண்டிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை ஒருவர் என்னை நல்லவள் என்று சொல்லும்போதும், வெயில் சாயும்வரை எனக்காக ஒருத்தி வாசலில் காத்துக்கொண்டு நின்றாள் என்பதுதான் என் மனதில் வந்து நிற்கிறது.